புரட்டாசி அட்டை

இதைப் படிக்கிறவர்கள் முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் நான்காம் வகுப்பு வரைதான் போனேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் கோழிக் கொட்டகை அட்டையில் எண்களும் கோடுகளும்தான். பிழைகள் நிறைய இருக்கும். என் பெரிய மகளிடம் கொடுத்தால் திருத்தித் தருவாள். ஆனால் இது அவளைப் பற்றியது. முடிக்கும் வரை அவள் கண்ணில் பட வேண்டாம் என்று தீவன அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு டாக்டரம்மாவுக்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். நேரில் நின்றபோதெல்லாம் வாய் திறக்கவில்லை.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறேன். எழுபத்தாறாம் வருஷம் சேர்ந்தேன். அப்போது பெரியவளுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு இரண்டு. பெரியவளுக்குக் கைக்குழந்தையாக இருந்தபோதே முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் புண் உண்டு. சொறிந்து சொறிந்து ரத்தம் வரும். மூன்று வயதில் மூச்சு இளைப்பும் சேர்ந்துகொண்டது. நான் பண்ணைக்குப் போன பிறகு இளைப்பு அதிகமானது. அதையும் என் வேலையையும் சேர்த்து நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

பண்ணை வேலையில் எனக்குப் பிடித்தது அட்டை. ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் ஒரு கம்பியில் அட்டை தொங்கும். நாளுக்கு ஒரு கட்டம். அன்றைக்கு எத்தனை முட்டை, செத்த கோழிக்கு ஒரு கோடு, தீவனம் மாற்றினால் ஒரு சின்ன வட்டம். முட்டை குறைந்தால் பண்ணைக்காரர் யாரையும் திட்ட மாட்டார். நேராக அட்டையிடம் போய் நிற்பார். "நாலு நாளைக்கு முன்னால தீவனம் மாறியிருக்குது பாரு" என்பார். பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். போகப் போக நானே அவருக்கு முன்னால் கண்டுபிடித்துவிடுவேன்.

கீறல் விட்ட முட்டையை வியாபாரிகள் எடுக்க மாட்டார்கள். வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அது எனக்குப் பெரிய வரமாகப் பட்டது. ஏனென்றால் பெரியவள் வளரவில்லை.

ஒரேயடியாக வளராமல் இல்லை. ஆனால் கூடப் படிக்கிற பிள்ளைகள் வருஷத்துக்கு வருஷம் மேலே போனார்கள், இவள் அங்கேயே நின்றாள். பள்ளிக்கூடத்தில் காலையில் உயர வரிசைப்படி நிற்க வைப்பார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்பு வரை அவள்தான் முதல் ஆள். சின்னவள் எட்டு வயதில் அக்காவை எட்டிப் பிடித்தாள். ஒன்பது வயதில் தாண்டிவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் துணி தலைகீழாகப் போனது. தங்கச்சிக்குச் சின்னதாகிப்போன பாவாடையை அக்கா கட்டினாள். என் மனைவி அதை யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுப்பாள். பெரியவள் வாங்கி மறுநாளே கட்டிக்கொள்வாள்.

இளைப்பு இருக்கிறவர்களுக்கும் கரப்பான் இருக்கிறவர்களுக்கும் எதெது ஆகாது என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கத்தரிக்காய் ஆகாது. கருவாடு ஆகாது. கடலைக்காய் பித்தம். தயிரும் பாலும் சளி. வாழைப்பழம் குளிர்ச்சி. ஆளுக்கு ஒன்றாகச் சொல்ல, நாங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டே வந்தோம். கடைசியில் அவள் தட்டில் ரசஞ்சோறும் முட்டையும்தான் மிச்சம். முட்டையை மட்டும் யாரும் குறை சொல்லவில்லை. பள்ளிக்கூட டீச்சர், ஊசி போடுகிற கம்பவுண்டர், என் மனைவியின் அம்மா எல்லோரும் ஒரே குரலில், "முட்டை குடுங்க, பிள்ளை வளரும்" என்றார்கள். பெரிய மனுஷியாகும் பெண்ணுக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது எங்கள் வழக்கம். இவளுக்கு அதை முன்கூட்டியே கொடுத்தால் உடம்பு பிடிக்கும் என்று தினமும் காலையில் ஒன்று உடைத்து ஊற்றினோம். குமட்டும். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள்.

"குடி சாமி. வளரோணுமில்ல?" என்பேன்.

"வளந்துருவேனாங்கப்பா?"

"பின்னே? உன்ற அப்பன் பண்ணையில இருக்கறப்ப முட்டைக்கு என்ன பஞ்சம்?"

அப்படித்தான் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

எண்பத்து மூன்றாம் வருஷத் தீபாவளிக்குத் துணி எடுக்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனோம். கடையில் நல்ல நெரிசல். கடைக்காரர் ஒரு பச்சைப் பாவாடையை எடுத்துச் சின்னவள் இடுப்பில் வைத்துப் பார்த்தார்.

"பெரிய பாப்பாவுக்கு இது சரியா இருக்கும்."

"நான் பெரியவ இல்லீங்க. இவதான் அக்கா" என்றாள் சின்னவள்.

கடைக்காரர் கீழே குனிந்து பார்த்தார். "அட, இதா அக்கா? மடிச்சு அஞ்சறைப் பெட்டியில வெச்சுக்கலாம் போலிருக்கே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். வேறு பிள்ளையாக இருந்தால் அழுதிருக்கும். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஏனுங்கப்பா, நான் பெரிய மனுஷி ஆனாலும் இப்பிடியேதான் இருப்பேனா?" என்று கேட்டாள். டிக்கெட்டைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் துழாவினேன்.

என் மனைவியின் தம்பி லாரி ஓட்டுகிறவர். பம்பாய் வரைக்கும் போய் வருவார். அடுத்த ஆடி மாதம் வந்தபோது திண்பண்டத்தோடு ஒரு சேதியும் கொண்டுவந்தார்.

"மாமா, பம்பாயில ஒரு ஊசி இருக்குதாமா. போட்டா பசங்க மளமளன்னு வளர்றாங்களாமா. வளர்ச்சி ஊசின்னு பேரு."

"யாரு சொன்னது?"

"கிளீனரு."

"உன்ற கிளீனருக்கு லாரி டயரு பேரே தெரியாது, ஊசி பேரு தெரியுமா?" என்றாள் என் மனைவி.

"அக்கா, நீ சும்மா இரு. மாமா, சேலத்துல ஒரு டாக்டரம்மா இருக்கறாங்க, கொழந்தைங்களுக்குப் பாக்கறவங்க. அவங்களக் கேட்டுப் பாருங்க. ஊசி வேணும்னா எந்த ஊருக்குப் போயும் நான் வாங்கியாறேன். என்ற மருமவளுக்கு நான் செய்யாம?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எங்கள் இரண்டு பேருக்கும் அந்த ஊசி மனதில் ஒட்டிக்கொண்டது. பெரியவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு சேலம் போனேன். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். மகளைச் சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலில் நிறுத்தினார். நெஞ்சில் குழாய் வைத்தார். முழங்கையை மடக்கிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கூலிங்க."

"பிள்ளை என்னென்ன சாப்பிடுது?"

"குடுக்கறதத் திங்குங்க."

இரண்டும் பொய் இல்லை. ஆனால் அது பதிலும் இல்லை. சட்டை போட்ட பெரிய மனிதர்கள் யாராவது எதிரில் இருந்து கேள்வி கேட்டால் எனக்கு ஒரு சொல்லுக்கு மேல் வராது. பண்ணை என்று சொன்னால் நாற்றம் அடிக்கிறது என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம் வேறு. இந்தக் கூச்சத்தால் என் மகளுக்கு நான்கு மாதம் வீணானது என்பதை நான் மறைக்காமல் எழுத வேண்டும்.

ஊசியைப் பற்றி நான் கேட்கவில்லை. மகள்தான் கேட்டாள்.

"டாக்டரம்மா, வளர்ற ஊசி போடுவீங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து அவளுக்கு எதிரே போட்டுக்கொண்டார். "உன் மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பி இருக்கு. அது ஒரு நீரைச் சுரக்கும். அந்த நீர்தான் எலும்பை வளரச் சொல்லும். சில பிள்ளைங்களுக்கு அது பிறவியிலேயே சுரக்காது. அவங்களுக்குத்தான் அந்த ஊசி. செத்தவங்க தலையிலேருந்து அந்தச் சுரப்பியை எடுத்துச் செய்யற மருந்து. லேசுல கிடைக்காது, லேசுல போடவும் கூடாது. உனக்கு அது வேணுமா வேண்டாமான்னு முதல்ல பாக்கணும். நீ ராத்திரி நல்லாத் தூங்கறியா?"

"உக்காந்துட்டே தூங்குவேனுங்க. படுத்தா மூச்சு முட்டும்."

"அந்தச் சுரப்பி முக்கால்வாசி வேலை செய்யறது நீ நல்லா அசந்து தூங்கறப்பதான்" என்றார் டாக்டரம்மா. பிறகு இடது கையை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். கால் குட்டையாக இருக்கிறது, கையை ஏன் எடுக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. இளைப்பு வந்துதா, தூங்கினாளா. மூணு மாசம் கழிச்சுக் கொண்டாங்க" என்றார்.

நோட்டில் எழுதி எனக்குப் பழக்கமில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தேன். மறுநாள் பண்ணையிலிருந்து மூன்று வெற்று அட்டை கேட்டு வாங்கிவந்து, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி என்று தலைப்பு எழுதி, அடுக்களைக் கதவுப் பக்கம் ஒரு கம்பியில் தொங்கவிட்டேன். இளைப்பு வந்தால் ஒரு கோடு. உட்கார்ந்தே தூங்கினால் இரண்டு கோடு. கொட்டகையில் பழகிய கை, தீவனத்தை எழுதாமல் விடுமா? முட்டை சாப்பிட்ட நாளில் மூலையில் ஒரு சின்ன வட்டமும் போட்டேன். டாக்டரம்மா கேட்காதது அது.

"ஏனுங்க, என்ற பிள்ளைய என்ன முட்டை போடற கோழின்னு நினைச்சுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கொக்கொக்கோ" என்றாள் சின்னவள். பெரியவள் அவளை விரட்டிக்கொண்டு ஓடினாள். நாலு எட்டு ஓடியதும் மூச்சு வாங்க நின்றுவிட்டாள். நான் அன்றைய கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

புரட்டாசி மாதம் முழுக்க எங்கள் வீட்டில் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் கிடையாது. முட்டையும் கவிச்சியில்தான் சேர்த்தி. பகலெல்லாம் பண்ணையில் ஆயிரக்கணக்கில் முட்டை பொறுக்கி அடுக்குவேன், வீட்டுக்குள் ஒன்று வராது. ஒவ்வொரு வருஷமும் புரட்டாசியில் பெரியவள் கொஞ்சம் தேறுவாள். அது பெருமாள் கருணை என்று என் மனைவி நம்பினாள். சனிக்கிழமை விரதத்தை இன்னும் கடுமையாக்கினாள். மாதம் முடிந்ததும், பிள்ளை கொஞ்சம் தெளிந்திருக்கிறாள், இப்போது கொடுத்தால் உடம்பில் ஒட்டும் என்று முட்டையை இரண்டாக ஆக்குவோம். வருஷா வருஷம் இதையே செய்திருக்கிறோம்.

கார்த்திகையில் மூன்று அட்டையையும் துணிப்பையில் வைத்துக்கொண்டு போனேன். நோட்டுக்குப் பதில் அழுக்கு அட்டை. அவர் மேசையில் வைக்க வெட்கமாக இருந்தது.

டாக்டரம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். முதல் முறையாக அப்போதுதான் அவர் கண்ணாடி வழியாகப் பார்த்ததைப் பார்த்தேன்.

"இது என்ன அட்டை?"

"கோழிக் கொட்டகையில எழுதறதுங்க. அதுல பழக்கமுங்க."

"கோழிக் கொட்டகையா? கூலி வேலைன்னு சொன்னீங்க?"

"அங்கதான் கூலிங்க."

அவர் மூன்று அட்டையையும் வரிசையாக வைத்தார். ஆவணி முழுக்கக் கோடு. புரட்டாசியில் முதல் வாரம் கோடு, அப்புறம் கட்டம் கட்டமாக வெறுமை. நடுவில் இரண்டே இடத்தில் கோடு. ஐப்பசியில் மறுபடி கோடு, அதிலும் இரட்டைக் கோடு.

"இந்த மாசம் என்ன செஞ்சீங்க? வேற ஏதாவது மருந்து?"

"ஒண்ணுமில்லீங்க. நீங்க குடுத்ததுதானுங்க மூணு மாசமும்."

"இந்த வட்டம்?"

"முட்டைங்க. புரட்டாசியில நாங்க தொட மாட்டமுங்க."

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. வட்டம் நின்றது, ஒரு வாரத்தில் கோடும் நின்றது. வட்டம் வந்தது, கோடு வந்தது. கொட்டகை அட்டையாக இருந்திருந்தால் வாசலில் நின்றபடியே கண்டுபிடித்திருப்பேன். என் பிள்ளையின் அட்டை என்பதால் தினமும் என் கையாலேயே எழுதியும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா புரட்டாசி நடுவில் இருந்த இரண்டு கோட்டில் விரலை வைத்தார். "இந்த ரெண்டு நாள்?"

நாளைக் கணக்குப் பார்த்தேன். "கொட்டகைக் குப்பை வாரின நாளுங்க. சட்டையெல்லாம் ஒரே தூசிங்க. வெகு நேரமானதால உதறக்கூட இல்லீங்க. அப்பிடியே ஊட்டுக்குப் போயிட்டனுங்க."

"அப்பிடியேன்னா, அந்தச் சட்டையோட?"

"ஆமாங்க. போனதும் ஓடிவந்து கட்டிக்குமுங்க."

நான் தலையைத் தூக்கவில்லை. கையில் முட்டையையும் நான்தான் கொண்டுபோனேன், சட்டையில் கொட்டகைத் தூசியையும் நான்தான் கொண்டுபோனேன். அவர் அப்போது என்னைத் திட்டியிருந்தால் நியாயம். அவர் சொன்னது இதுதான்:

"ஏங்க, நிமிந்து பாருங்க. எட்டு வருஷமா எத்தனையோ பேர் பாத்தும் புரியாதது இந்த அட்டையில இருக்கு. எங்கிட்ட வர்ற படிச்சவங்ககூட இப்படி எழுதிட்டு வந்ததில்லை."

பிறகு எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மகளைக் கூப்பிட்டார். "இங்க பாரு, கை எலும்பைப் பாத்தா அதோட வயசு தெரியும். உனக்கு வயசு பன்னெண்டு. உன் எலும்புக்கு வயசு ஒன்பதுதான். அது இன்னும் சின்னப் பிள்ளையாவே உக்காந்திருக்கு. அதுல ஒரு நல்லது இருக்கு, தெரியுமா? உன் கூடப் படிக்கற பிள்ளைங்க வளந்து நின்ன பிறகும் உன் எலும்பு வளந்துட்டு இருக்கும்."

"அப்ப ஊசி?"

"இப்ப வேண்டாம். ராத்திரி தூங்க விடாம, வயித்துக்கும் சரியாக் குடுக்காம இருந்தா அந்தச் சுரப்பி பாவம் என்ன செய்யும்? ஒரு வருஷம் பாக்கலாம். இளைப்பு அடங்கியும் நீ வளரலேன்னா நானே மெட்ராஸுக்கு எழுதித் தரேன். கண்டிப்பா வளருவேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு நம்பிக்கை இருக்கு."

எதையெல்லாம் நிறுத்தியிருக்கிறோம் என்று கேட்டார். இந்த முறை வாய் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். கத்தரிக்காய், தயிர், பால், கடலைக்காய், வாழைப்பழம். கேட்டுக்கொண்டே வந்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"நீங்க நிறுத்தினதெல்லாம் குடுத்திருக்கலாம். குடுத்தது ஒண்ணுதான் நிறுத்தியிருக்கணும். வாரத்துக்கு ஒண்ணா ஆரம்பிங்க. அட்டையில எழுதுங்க. கோடு வந்தா நிறுத்துங்க."

எழுந்து கும்பிட்டேன். நன்றி சொல்லத்தான் கும்பிட்டேன். "வாரேனுங்க" என்றுதான் வெளியே வந்தது.

வீட்டில் சொன்னதும் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பெருமாளு வருஷா வருஷம் சரியாத்தான் சொல்லியிருக்காரு. நமக்குத்தான் வெளங்கல" என்றாள். அவளும் ஒரு சொல் என்னைக் குறை கூறவில்லை. அவள் கையால்தான் ஊற்றினாள், நான் கொண்டுவந்தேன். யார் யாரைச் சொல்வது?

பண்ணைக்காரரிடம் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்று சொல்லப் போனேன். வேறு வேலை எனக்குத் தெரியாது, ஆனாலும் முடிவு செய்துவிட்டேன். அவர் கேட்டுவிட்டு, "எதுக்கு நிக்கறே? தண்ணியில்லாத ஊரா இது?" என்றார். மறு வாரமே கிணற்று மோட்டாருக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றால் ஒரு மறைப்புக் கட்டி, குழாய் போட்டு, ஆணியடித்துக் கொடுத்தார். அன்றிலிருந்து வேலைத் துணியை அங்கேயே கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டு, தலைக்குக் குளித்து, வேறு துணி உடுத்துத்தான் வீட்டுக்குப் போகிறேன். மழைக்காலத்திலும் அப்படித்தான். "மாப்பிள்ளை கிளம்பிட்டாரு" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

முட்டையை அடியோடு நிறுத்தினோம். தயிர் கொடுத்தோம், கோடு இல்லை. வாழைப்பழம் கொடுத்தோம், கோடு இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு வைத்த அன்று அவள் மூன்று முறை சோறு வாங்கினாள். இளைப்பு முழுதாகப் போகவில்லை. பனிக்காலத்தில் வரும், மருந்து கொடுத்தால் அடங்கும். ஆனால் படுத்துத் தூங்கினாள். கால் நீட்டிப் படுத்துத் தூங்கும் என் மகளை நான் அந்தத் தை மாதத்தில்தான் கண்ணாரப் பார்த்தேன்.

ஆனாலும் உடனே வளரவில்லை. எட்டு மாதம் ஒரு மாற்றமும் தெரியவில்லை. நடுவில் சின்னவள் முதலில் பெரிய மனுஷி ஆனாள். சீருக்கு வந்த சொந்தக்காரர்கள், "மூத்தவ எங்க?" என்று கேட்டுவிட்டு எதிரில் நிற்கிறவளையே தாண்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு லாரிக்கார மாமன் அவளைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து, "இதா இருக்கறா, எல்லாருக்கும் மேல!" என்றார். "இறக்கி உடுங்க மாமா, எனக்குப் பதிமூணு வயசு" என்று அவர் தலையில் குட்டினாள். ஊசி வாங்க மெட்ராஸுக்குப் போக அவர் தயாராகத்தான் இருந்தார்.

தேவைப்படவில்லை. அடுத்த கார்த்திகையில் சுவரில் நிறுத்தி அளந்தபோது டாக்டரம்மா போன வருஷ அளவுக்கு மேல் மூன்று விரல் வைத்துக் காட்டினார். அதற்கடுத்த வருஷம் இன்னும் வேகம். பதினைந்தாம் வயதில் அவளும் பெரிய மனுஷி ஆனாள். பள்ளிக்கூட வரிசையில் முதல் இடத்தைவிட்டு நாலாவது, பிறகு ஏழாவது. எத்தனையாவது என்று சாயங்காலம் வந்து அவளே சொல்வாள்.

போன தீபாவளிக்கு மறுபடி அதே செவ்வாய்ப்பேட்டைக் கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு எங்களை நினைவில்லை. இரண்டு பேரையும் பார்த்து, "ரெட்டைப் பிள்ளைங்களா?" என்று கேட்டார். இப்போது பொங்கல் கழிந்ததும், பெரியவளின் பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டதென்று மனைவி அதை மடித்துச் சின்னவளிடம் கொடுத்தாள். இந்த முறை எல்லோர் முன்னாலும் கொடுத்தாள்.

"ஏனுங்கம்மா, அக்கா கட்டின பழசெல்லாம் நான் கட்டோணுமா?" என்று சின்னவள் கத்தினாள்.

"பின்னே? நான்தானே மூத்தவ" என்றாள் பெரியவள்.

நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். அன்றைக்குத்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. டாக்டரம்மா ஓய்வு பெற்று மகன் ஊருக்குப் போகப்போகிறார் என்று சொன்னார்கள். அதற்குள் சேலம் போய், இந்தத் தாள்களோடு அந்தப் புரட்டாசி அட்டையையும் அவர் மேசையில் வைத்துவிட்டு வருவேன். எப்படியும் "வாரேனுங்க" என்றுதான் சொல்லப் போகிறேன். மீதி இதில் இருக்கிறது.

19-2-1989, ஞாயிற்றுக்கிழமை.